கரிசல் பொழியில் ஒரு மஞ்சள் பூ

தை பிறந்த புதிதில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் நடப்பதற்கு ஈடான நடை தெற்கே எனக்கு வேறு தெரியாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் குடித்த மழையைக் கரிசல் மண் இன்னும் உள்ளே வைத்திருக்கும். உளுந்தும் பாசியும் எடுத்த பிஞ்சைகள் வெறுமையாகக் கிடக்க, பக்கத்துக் காட்டில் மல்லி வெள்ளையாய்ப் பூத்திருக்கும். மிளகாய்ச் செடியில் பழம் சிவக்கும். கம்பங்கதிரில் மைனாக்கள் விழும். மானாவாரிப் பருத்தி பூவும் காயுமாக நின்று, முதல் காய்கள் வெடிக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் ஒரு மாதம் போனால் மண் வெடித்துக் கால் புகும் அளவுக்குப் பிளந்துவிடும். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

நான் பார்க்கப் போனது பருத்தியை அல்ல, பருத்தியின் காட்டுச் சொந்தங்களை. கரிசல் நாடு பருத்தி நாடு என்று எல்லோருக்கும் தெரியும். கருங்கண்ணிப் பருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள், கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பருத்திக் காட்டின் வரப்பான பொழியில், ஓடைக்கரையில், சாலையோரத்தில் தானே முளைத்து, தானே பூத்து, தானே விதை உதிர்க்கும் அதே குடும்பத்துச் செடிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. நம் ஊர்களில் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிரித்தறியாத செடி அழிந்தால் அழிந்ததுகூடத் தெரியாது. இந்தப் பயணம் அந்தக் கவலையில் தொடங்கியது.

சாலையை விட்டிறங்கி வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பொழியில் அந்தப் பூ நின்றது. இடுப்புக்கு மேல் உயரம். இலையெல்லாம் சாம்பல் பூத்த பச்சை, கோணம் கோணமாக மூன்றும் ஐந்துமாய் மடல் பிரிந்தவை. பூ நல்ல மஞ்சள். உள்ளே அடித்தொண்டையில் மட்டும் கருஞ்சிவப்பு. தலை லேசாகச் சாய்ந்திருந்தது. பக்கத்துக் காட்டில் யாரோ கருங்கண்ணி விதைத்திருந்தார்கள். அந்த நாட்டுப் பருத்தியின் பூவும் மஞ்சள்தான், அதற்கும் தொண்டையில் கருஞ்சிவப்புத்தான். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டையும் ஒன்றென்றே சொல்லத் தோன்றும்.

பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன்.

"பாட்டி, இது என்ன செடி?"

மடியில் பருத்தியை அமுக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "அதுவா தாயி? காட்டுப் பருத்தி. பூ மட்டும்தான் பருத்தி. காய்ல ஒண்ணும் கெடையாது."

கொஞ்ச நேரத்தில் முதுகில் மருந்து டேங்கோடு ஓர் இளைஞர் அந்த வழியாக வந்தார். அவரிடமும் கேட்டேன். "துத்திக்கா. பொழியில நிக்கிறது பூராம் துத்திதான். களை. இன்னைக்கு அடிச்சிருவோம்" என்றார். பிறகு சாலையோர டீக்கடையில் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டியபோது, கடைக்கார அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "காட்டு வெண்டை" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

மூன்று பேர், மூன்று பெயர். ஆனால் மூவரும் கண்ணில் பட்ட உண்மையைத்தான் சொன்னார்கள். பாட்டி பூவின் நிறத்தைப் பார்த்தார். இளைஞர் இலையின் மெத்தென்ற சாம்பல் தோலைப் பார்த்தார். அண்ணாச்சி இலையின் வெட்டையும் பூவின் அமைப்பையும் பார்த்தார். பருத்தி, துத்தி, வெண்டை மூன்றும் ஒரே குடும்பத்தின் கிளைகள். மால்வேசியே என்று தாவரவியலார் சொல்லும் குடும்பம் அது. செம்பருத்தி, பூவரசு, புளிச்சை எல்லாம் அதற்குள் அடக்கம். 1998-இல் மரபணு ஆராய்ச்சியின் வழி பூக்குடும்பங்களைத் திருத்தி அடுக்கியபோது இலவ மரமும், பொந்தன்புளியும், சணலும், கோக்கோவும்கூட இதற்குள் வந்து சேர்ந்தன. குடும்பத்தைக் கண்டுகொள்வதில் மூவருமே தப்பவில்லை. கடினம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவற்றை விட்டுவிட்டால், பழைய குடும்பத்தைக் கண்டுகொள்ளப் பூவின் நடுவைப் பார்த்தால் போதும். மற்றப் பூக்கள் பலவற்றில் மகரந்தத்தாள்கள் தனித்தனியாக நிற்கும். இங்கே அத்தனையும் அடியில் ஒட்டி ஒரே குழாயாகி, சூல்தண்டைச் சுற்றி மூடிக்கொண்டிருக்கும். செம்பருத்திப் பூவின் நடுவிலிருந்து நீண்டு வெளியே வருகிறதே, அந்தக் குழாய்தான். குழாயின் நுனி வழியாகச் சூல்தண்டு வெளியே எட்டிப் பார்க்கும். மொட்டைப் பார்த்தால் ஐந்து இதழும் ஒன்றன்மேல் ஒன்று ஒரே திசையில் முறுக்கிக்கொண்டிருக்கும். இலையைக் கசக்கினால் விரலில் வழவழப்பு ஏறும், வெண்டைக்காயை நறுக்கிய கை அறிந்த அதே வழவழப்பு. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் இருந்தால் இலை மயிரையும் பார்க்கலாம். ஒரு புள்ளியிலிருந்து பல திசையில் விரிந்த நட்சத்திர உரோமம். மகரந்தமும் அப்படித்தான், இந்தக் குடும்பத்தில் மணிகள் பெரியவை, முள் முளைத்தவை. லென்ஸில் ஒவ்வொன்றாகத் தெரியும்.

இனி எந்தச் செடி என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் இதழையே திரும்பத் திரும்பப் பார்த்து நிற்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் இதழ் சொல்வது கொஞ்சம். மஞ்சளும் அடியில் கருஞ்சிவப்பும் எத்தனையோ இனங்களுக்குப் பொது. சொல்ல வேண்டியதைப் பூ தன் முதுகில் எழுதி வைத்திருக்கிறது. காம்பைப் பிடித்துப் பூவைக் கவிழ்க்க வேண்டும்.

கவிழ்த்தால் முதலில் பச்சையான புல்லிவட்டம். அதற்கும் வெளியே இன்னொரு வட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. புறப்புல்லிவட்டம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம். பருத்தி விவசாயி மறக்க மாட்டார். அவர் சப்பை என்கிற இளமொட்டை மூடியிருக்கும் மூன்று பெரிய பச்சை ஏடுகள்தாம் அந்த வட்டம். கருங்கண்ணியில் அந்த ஏட்டின் விளிம்பு ஏறக்குறைய வெட்டில்லாமல், நுனியில் மட்டும் சில பற்களோடு இருக்கும். அமெரிக்கப் பருத்தியில் ஆழமாகக் கிழிந்து தொங்கும். ஒரு காட்டில் எந்தப் பருத்தி நிற்கிறது என்பதைச் சப்பையைத் தொட்டே சொல்லிவிடலாம்.

என் பொழிச் செடியில் அந்த மூன்று ஏடுகள் இல்லை. அந்த இடத்தில் ஊசி ஊசியாக, ஒல்லியான இழைகள் ஒரு வரிசை நின்றன. ஒரு பூவில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது. எனவே பருத்தி விலகியது. உறுதிப்படுத்திக்கொள்ள இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். பருத்தி இலையிலும் தண்டிலும் காயிலும் கரும்புள்ளிகள் இருக்கும். காஸிப்பால் என்ற நச்சுப்பொருளைச் சேர்த்து வைக்கும் சுரப்பிகள் அவை. பூவரசிலும் உண்டு. இந்த இலையில் ஒரு புள்ளிகூட இல்லை.

துத்தியும் விலகியது. துத்திக்குப் புறப்புல்லிவட்டமே கிடையாது, கவிழ்த்தால் ஐந்து புல்லிகள் மட்டும்தான். இன்னொரு வேறுபாடும் நடுக்குழாயில் உண்டு. துத்தியில் மகரந்தப் பைகள் குழாயின் உச்சியில் கொத்தாகக் கூடியிருக்கும். செம்பருத்திக் கிளையைச் சேர்ந்தவற்றில் குழாயின் பக்கங்களில் நீளவாக்கில் பரவியிருக்கும், உச்சி மட்டும் மொட்டையாக நிற்கும். என் பூவில் பக்கங்களில்தான் இருந்தன.

மிச்சம் அண்ணாச்சியின் வெண்டை. இதைத் தள்ளுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வெண்டைக்கும் புறப்புல்லி இழைகள் உண்டு. நடுக்குழாய் அதே மாதிரி. பூவும் மஞ்சள், தொண்டையும் கருஞ்சிவப்பு. வேறுபாடு புல்லிவட்டத்தில் இருக்கிறது. வெண்டையின் புல்லி பூ விரியும்போது ஒரு பக்கம் மட்டும் கிழிந்து உறையாகத் தொங்கும். பூ உதிரும்போது இதழோடும் குழாயோடும் சேர்ந்து அதுவும் கழன்று விழும். அதனால்தான் வெண்டைப் பிஞ்சின் அடியில் புல்லி எதுவும் ஒட்டியிருப்பதில்லை. என் செடியில் புல்லி ஐந்து மடல்களாகச் சமமாகப் பிரிந்திருந்தது. பூ உதிர்ந்த பிஞ்சைச் சுற்றியும் அப்படியே நின்றது.

அதே கரிசலில் உண்மையான காட்டு வெண்டையும் இருக்கிறது. ஏபல்மாஸ்கஸ் ஃபிகுல்னியஸ் என்று பெயர். கரிசல் நிலத்தை விரும்பும் செடி. பூ வெள்ளை, நடுவில் கருஞ்சிவப்பு, வாடும்போது இளஞ்சிவப்பாகும். அரை மைல் தள்ளி ஓடைப்பக்கம் அதையும் பார்த்தேன். பார்த்ததும் அண்ணாச்சியின் கண் மீது மதிப்பு கூடியது. அவர் அந்தச் செடியை அறிந்தவர். படத்தில் பூவின் முதுகு தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நிறுத்தினால் ஹைபிஸ்கஸ் என்ற பேரினம் வரைதான் வந்திருப்போம். அதிலும் மஞ்சள் பூ, கருந்தொண்டை கொண்ட இரண்டு செடிகள் இந்தப் பக்கம் வரக்கூடியவை. ஒன்று ஹைபிஸ்கஸ் பாண்டுரிஃபார்மிஸ். அதன் புறப்புல்லி இழைகள் நுனியில் கரண்டியாக அகலும், செடி முழுதும் குத்தும் மயிர். மற்றொன்று ஹைபிஸ்கஸ் விட்டிஃபோலியஸ், திராட்சை இலைச் செடி. என் கையிலிருந்த இழைகள் அடியிலிருந்து நுனிவரை ஒல்லிதான். இருந்தாலும் இழையின் அகலத்தை வைத்து முடிவு சொல்ல மனம் ஒப்பவில்லை. காய் வேண்டும்.

காய் அதே செடியில் கீழே இருந்தது. இந்தக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் பலவும் நமக்குச் செய்யும் பெரிய உதவி இது. உச்சியில் மொட்டு, நடுவில் பூ, கீழே பச்சைக் காய், அதற்கும் கீழே போன மாதத்து வெடித்த காய் என்று தன் வாழ்நாள் முழுவதையும் ஒரே தண்டில் வைத்திருக்கும். குனியத் தயாராக இருந்தால் போதும். ஒரு காயைப் பறித்துப் பக்கவாட்டில் பிடித்தேன். உருண்டைக் காயின் ஐந்து விளிம்புகளும் மெல்லிய தாளாக நீண்டு, ஐந்து சிறகாக நின்றன. சிறகில் குறுக்கு நரம்புகள் ஓடின. நுனியில் சின்ன அலகு. நம் நாட்டுச் செம்பருத்தி இனங்களில் இப்படிச் சிறகு வைத்த காய் என் கண்ணில் வேறெதிலும் பட்டதில்லை. ஹைபிஸ்கஸ் விட்டிஃபோலியஸ். 1753-இல் லின்னேயஸ் இந்தியாவிலிருந்து வந்த செடி என்று குறித்துப் பெயரிட்டது. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் ஆஸ்திரேலியா வரையிலும் இயல்பாக வளர்வது. யாரும் கொண்டுவந்து நடாமல் இந்த மண்ணில் இருப்பது.

பாட்டியிடம் அந்தக் காயைக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வாங்கி, விரலால் ஒவ்வொரு சிறகாகத் தடவினார். "இத்தன வருசம் இதுகூடவே நிக்கேன், ரெக்கை இருக்குன்னு பாத்ததில்லயே" என்றார். இரண்டு காய்களை முந்தியில் முடிந்துகொண்டார், பேத்திக்குக் காட்ட.

இளைஞரிடம் பேசியதையும் சொல்ல வேண்டும், அது அவ்வளவு எளிதாக முடிந்த பேச்சு அல்ல. "ஏன் தம்பி பொழியைச் சுத்தமா அடிக்கணும்?" என்றேன். அவர் சொன்ன காரணம் நியாயமானது. பருத்தியைத் தாக்கும் பூச்சிகள் பருத்தி இல்லாத மாதங்களில் இந்தச் செடிகளில் தங்கிக்கொள்கின்றன. புள்ளிக் காய்ப்புழு வெண்டையிலும் துத்தியிலும் பெருகும். மாவுப்பூச்சி துத்தித் தண்டில் வெள்ளையாக அப்பியிருப்பதை நானே அந்தப் பாதையில் பார்த்தேன். சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சிகள் துத்திக் காயை மொய்த்துக்கொண்டு விதையை உறிஞ்சும், பூவரசங்காயையும் விடாது. வேளாண் துறையும் வரப்பில் துத்தியை அகற்றச் சொல்கிறது. ஒரு குடும்பத்துச் செடிகளின் உறவை நமக்கு முன்னமே பூச்சிகள் கண்டுபிடித்துவிட்டன. இதை மறுக்க முடியாது.

ஆனால் அகற்றுவது வேறு, பொழி முழுவதையும் களைக்கொல்லியால் நனைப்பது வேறு. முன்பு களைவெட்டுக்குப் போகிறவர்கள் பயிருக்கு ஒட்டிய செடியை வெட்டுவார்கள், தள்ளி நிற்பதை விடுவார்கள். ஆட்டுக்கு எது, மருந்துக்கு எது, அடுப்புக்கு எது என்று கை அறிந்திருக்கும். டேங்கின் குழாய்க்கு அந்த அறிவு கிடையாது. அது துத்தியையும் சிறகுக்காய்ச் செடியையும் ஒன்றாகவே எரிக்கிறது. பருத்தியின் சொந்தங்களில் வறட்சியைத் தாங்கும் குணமும் நோயைத் தாங்கும் குணமும் இருக்கின்றன. பயிர் ஆய்வாளர்கள் வெண்டைக்கும் புளிச்சைக்கும் காட்டு உறவுகளைத் தேடி அலைவது அதற்காகத்தான். தேடி வரும்போது பொழியில் செடி இருக்க வேண்டும். அந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. "ஓடப்பக்கம் நிக்கிறத நான் தொட மாட்டேன்க்கா, அது எங்க காடும் இல்ல" என்றார். அன்றைக்கு அவ்வளவு போதும் என்று பட்டது.

எட்டயபுரத்தில் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் ராபர்ட் வைட் நினைவுக்கு வந்தார். தென்னிந்தியத் தாவரங்களை அறிய விரும்பும் எவரும் அவர் பெயரைக் கடந்து போக முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்தவர். 1838 தொடங்கி 1853 வரை ஆறு தொகுதிகளில் 2101 படங்களோடு தென்னாட்டுச் செடிகளை அச்சில் ஏற்றினார். படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள். பூவின் புல்லியையும் காயின் குறுக்குவெட்டையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்து வரைந்த விதம் இன்றைக்கும் செடி அறிய உதவுகிறது. அதே வைட்டைத்தான் 1842-இல் கம்பெனி கோயம்புத்தூருக்கு அனுப்பி, அமெரிக்கப் பருத்தியைத் தமிழ் மண்ணில் விளைவிக்கச் சொன்னது. பகலில் அயல் பருத்தியை ஊன்றிக்கொண்டு, நாட்டுச் செடிகளின் படங்களையும் வெளியிட்டுக்கொண்டு அந்த மனிதர் பதினோரு ஆண்டுகள் இருந்தார். வைட்டுக்குப் பின் கேம்பிள் தொடங்கி, அவர் 1925-இல் இறந்ததும் ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவரத் தொகுதி 1915-க்கும் 1936-க்கும் இடையில் வந்தது. பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரேபினட் உலர்தாவரகத்தைக் கட்டியெழுப்பிய பாதிரியார் கே. எம். மேத்யூ, தமிழகத்தின் சமவெளிகளையும் குன்றுகளையும் மாணவர்களோடு நடந்து அலசி, கர்நாடகச் சமவெளித் தாவரங்களுக்கான தொகுதிகளை 1980-களில் கொண்டுவந்தார். செடியின் படங்களும், கேள்வி கேட்டுக்கொண்டே பெயருக்கு அழைத்துப் போகும் திறவுகோலும் அதில் உண்டு. பூவைக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்தத் திறவுகோல்களின் வழிதான். புறப்புல்லிவட்டம் உண்டா, இல்லையா? அங்கிருந்துதான் கேள்விகள் கிளை பிரியும்.

விளாத்திகுளத்தில் இறங்கியபோது நாலு மணி தாண்டியிருந்தது. ஊர் எல்லையில் ஒரு குட்டிச்சுவர். அதை ஒட்டி வரிசையாகத் துத்தி. மதியம் வழியெங்கும் பார்த்த துத்தி எல்லாம் மூடிக்கிடந்தது. இங்கே ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தது. துத்தியின் பூ சாய்ந்த வெயிலுக்குத்தான் முழுசாகத் திறக்கும். காலையில் செடி தேடிப் போகிறவர்கள் மூடிய மொட்டைப் பார்த்து, பூக்காத செடி என்று கடந்துவிடுவது அதனால்தான். முட்டை மஞ்சள் பூ. அடியில் கருஞ்சிவப்பு இல்லை. துத்தியிலேயே தொண்டை கறுத்த இனம் ஒன்று இருக்கிறது, அபுட்டிலான் ஹிர்ட்டம். அதன் தண்டு தொட்டால் ஒட்டும். சுவரோரத்தில் நின்றது ஒட்டவில்லை. அபுட்டிலான் இண்டிகம், நம் சித்த வைத்தியம் சொல்லும் துத்தி.

காய் இந்தச் செடியின் அழகு. மேலிருந்து பார்த்தால் பதினைந்துக்குக் குறையாத தட்டைப் பிரிவுகள் வட்டமாக அடுக்கி, விளிம்பு மடித்த பணியாரமாக இருக்கும். பணியாரத் துத்தி என்று சில ஊர்களில் சொல்வது இதனால்தான். முற்றினால் கறுத்து, பிரிவு பிரிவாகத் திறக்கும். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மூன்று விதை. இந்த எண்ணிக்கை முக்கியம். துத்தியின் நெருங்கிய சொந்தமான சிடாவில் ஒரு பிரிவுக்கு ஒரே விதைதான். பூவில் குழம்பினாலும் காயை உடைத்தால் குழப்பம் தீரும். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டம்மா, நான் காயை உடைத்து எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "எல பறிக்கணும்னா தாராளமாப் பறிச்சுக்கங்க" என்றார். மூலத்துக்குத் துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது அந்தத் தெருவில் இன்றும் நடக்கிறது. அதனால்தான் சுவரோரத்துத் துத்தியை யாரும் வெட்டவில்லை.

மறுநாள் காலை வைப்பாற்றங்கரை. மழைக்காலத் தண்ணீர் வடிந்து, மணல் அங்கங்கே ஈரமாகவும் அங்கங்கே பொடியாகவும் இருந்தது. கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் நிழலில் எதுவும் எழவில்லை. அது விட்ட இடைவெளிகளில்தான் பழைய செடிகள் ஒதுங்கி நின்றன. அங்கே வேர் பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவைச் சந்தித்தேன். நாட்டு மருந்துக் கடைகளுக்குச் சரக்குக் கொடுப்பவர். அன்றைக்குச் சிற்றாமுட்டி வேர் எடுக்க வந்திருந்தார்.

சிற்றாமுட்டி என்று பெயர் சொன்னதும் எனக்கு ஆர்வமும் அச்சமும் சேர்ந்து வந்தன. வாத நோய்களுக்கான தைலங்களில் சேரும் வேர் அது. பவோனியா சைலானிகா என்ற செடியைத்தான் சித்த மருத்துவம் அந்தப் பெயரால் சொல்கிறது. ஆனால் சில ஊர்களில் சிடா இனங்களின் வேரும் அதே பெயரில் பிடுங்கப்படுகிறது. ஹைபிஸ்கஸ் மைக்ராந்தஸ் என்ற குறுஞ்செடி அதே வறண்ட நிலத்தில், அதே உயரத்தில், வெளிறிய சிறு பூவோடு நிற்கும். வேர் காய்ந்து சாக்கில் போன பிறகு பூவும் இல்லை, காயும் இல்லை. மூன்றையும் கண்ணால் பிரிப்பது அதன்பின் பெரும்பாடு. மருந்து குடிக்கிறவருக்கோ அது எந்தச் செடி என்பது உயிர்க் கேள்வி.

அவர் பிடுங்கி வைத்திருந்த செடி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். தண்டு பிசுபிசுத்தது. பூ விரல்நகத்தளவு, வெளிறிய இளஞ்சிவப்பு. கவிழ்த்தேன். நூலாக மெலிந்த புறப்புல்லி இழைகள், மயிரடர்ந்து, புல்லியைவிட நீளமாக நின்றன. எனவே சிடா அல்ல, சிடாவுக்கு அந்த வட்டம் இல்லை. லென்ஸை எடுத்து நடுக்குழாயின் நுனியில் சூல்தண்டின் கிளைகளை எண்ணினேன். பத்து. பூ உதிர்ந்த காயில் பிரிவுகள் ஐந்து. ஐந்து சூலறைக்குப் பத்துக் கிளை. பவோனியாவையும் அதன் நெருங்கிய உறவுகளையும் தவிர இந்தக் கணக்கு வராது. ஹைபிஸ்கஸாக இருந்தால் ஐந்துக்கு ஐந்துதான், காயும் பிரிவு பிரிவாக உதிராமல் ஐந்தாக வெடிக்கும். அவருடைய கையிலிருந்தது சிற்றாமுட்டியேதான்.

"சரியாத்தான் இருக்காம்மா?" என்றார், கொஞ்சம் கண்டிப்போடு. இத்தனை வருடம் செய்கிற வேலையை நான் சோதித்துப் பார்த்தது அவருக்குப் பிடித்திருக்காது.

"சரிதாங்க்கா. நீங்க எப்படிப் பிரிக்கிறீங்க?"

அவர் கரைமேட்டில் கொஞ்சம் நடந்து, இன்னொரு செடியைக் கிள்ளிக்கொண்டு வந்தார். மஞ்சள் சிறு பூ, மெத்தென்ற இலை. காயை நசுக்கி விதைப் பிரிவுகளை உள்ளங்கையில் கொட்டினார். ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு நீளக் கூர்கள். கூரில் கீழ்நோக்கிச் சாய்ந்த மயிர். சிடா கார்டிஃபோலியா.

"இதுக்கு மீச இருக்கு பாருங்க, சேலையில ஏறிக்கிட்டா எறங்காது. அதுக்கு மீச கெடையாது. வேர மோந்தாலும் தெரியும். எங்க மாமியா சொல்லிக் குடுத்தது."

புத்தகம் புறப்புல்லிவட்டத்தில் தொடங்குகிறது. அவர் விதையின் கூரில் தொடங்குகிறார். இரண்டும் ஒரே செடியில் வந்து முடிகின்றன. அவருடைய வழி இன்னும் விரைவானது, லென்ஸும் தேவையில்லை. நான் பத்துக் கிளையை லென்ஸில் காட்டியபோது அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் எண்ணினார். "பத்துத்தான்" என்று உறுதி செய்த பிறகே லென்ஸைத் திருப்பித் தந்தார்.

சாக்கில் வேர்களைக் கட்டுக் கட்டாக அடுக்கும்போது, ஒவ்வொரு கட்டிலும் பூவும் காயுமாக ஒரு முழுக் கொப்பை வேரோடு சேர்த்துக் கட்டினார். எதற்கு என்று கேட்டேன். கடையில் புதுப் பையன்கள் வந்துவிட்டார்கள், வேரை மட்டும் நீட்டினால் எதையாவது எதோடாவது கலந்துவிடுகிறார்கள் என்றார். பூ காய்ந்தாலும் காய் அடையாளம் சொல்லும். எல்லாச் செடியையும் அவர் பிடுங்கவும் இல்லை. காய் முற்றாத செடிகளை விட்டுவிட்டு, முற்றியவற்றின் விதையை அங்கேயே மணலில் உதறிவிட்டுத்தான் வேரை எடுத்தார்.

ஹைபிஸ்கஸ் விட்டிஃபோலியஸின் சிறகுக்காய் ஒன்று என் பையில் இருந்தது. அவரிடம் காட்டினேன். ஆற்றுக்கு மேற்கே, கண்மாய்க்கரையில் இது நிற்கிறது என்றார், மருந்துக்கு எடுப்பதில்லையாம். எந்தக் கண்மாய், எந்தப் பக்கக் கரை, எந்த உடைமரத்துக்கு அடுத்து என்று வழி சொன்னார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.